கொல்லையில் கூடு கட்டும் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில். கொல்லை ரொம்பப் பெரிதில்லை, பதினைந்து குழி இருக்கும். கிணற்றடி, இரண்டு தென்னை, ஒரு முருங்கை, எலுமிச்சை, செம்பருத்தி, நந்தியாவட்டை, அப்புறம் யாரும் நடாமலே முளைத்த ஏழெட்டுக் கறிவேப்பிலைக் கன்றுகள். மாசி பிறந்தால் போதும், சொந்தக்காரர்களிலும் தெருக்காரர்களிலும் யாராவது கூப்பிட்டு "குருவி கூடு கட்டியிருக்கு, என்ன பண்றது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப் போனதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நம் ஊரில் வசந்தகாலம் என்று ஒன்று உண்டா? எப்போதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

உண்டு, ஆனால் பனி உருகிப் பூப் பூக்கிற வசந்தம் இல்லை. மாசிப் பின்பாதியில் விடியற்காலைப் பனி குறைகிறது, பங்குனியில் புங்கனும் வேம்பும் துளிர்க்கின்றன, துளிரைத் தின்னப் புழு வருகிறது, புழுவைத் தின்னக் குருவி வருகிறது. அவ்வளவுதான் கணக்கு. தேன்சிட்டு மாதிரிச் சில பறவைகள் எந்த மாதத்திலும் கூடு கட்டும். தையல்சிட்டு பங்குனியில் ஆரம்பித்தால் மழைக்காலம் வரைக்கும்கூட விடாது. ஆனால் கொல்லை முழுக்க ஒரே நேரத்தில் அமர்க்களப்படுவது மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரைதான்.

நேரம் என்று பார்த்தால் விடியற்காலை. எங்கள் வீட்டில் ஐந்தேகால் மணிக்கே, இன்னும் இருட்டாக இருக்கும்போதே, தென்னை மட்டை நுனியில் உட்கார்ந்து வண்ணாத்திக்குருவி பாட ஆரம்பித்துவிடும். கறுப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுமே, அதுதான். குண்டுகரிச்சான் என்றும் சொல்வார்கள், வங்கதேசத்தின் தேசியப் பறவை. மார்கழியில் வெறுமனே கரகரத்துக்கொண்டிருந்த அதே பறவை பங்குனியில் பத்து நிமிஷம் நிறுத்தாமல், ஒரு தடவை பாடியதைத் திரும்பப் பாடாமல் பாடும். பால்காரர் வருவதற்குள் கச்சேரி பாதி முடிந்திருக்கும்.

வருகிறவர்களை மட்டும் பார்க்காதீர்கள், கிளம்புகிறவர்களையும் பாருங்கள். ஆறுமணிக்குருவி புரட்டாசி, ஐப்பசியில் நம் பக்கம் வந்து, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் விசில் அடித்துக்கொண்டு சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். சித்திரை வாக்கில் அதுவும் மத்திய இந்தியா, இமயமலை அடிவாரம் என்று முட்டையிடப் போய்விடும். ஒரு நாள் மாலை விசில் சத்தம் கேட்கவில்லை என்றால் சீசன் மாறிவிட்டது என்று அர்த்தம்.

கொல்லை எல்லாம் இல்லை, மாடி வீடு. எனக்கு ஏதாவது தெரியுமா?

தெரியும். இரண்டு தொட்டிச் செம்பருத்தி, ஒரு தண்ணீர்ச் சட்டி. தேன்சிட்டுக்கும் கொண்டைக்குருவிக்கும் மாடி, தரை என்ற வித்தியாசம் கிடையாது. கொண்டைக்குருவி ஹாலில் இருக்கிற டியூப்லைட் பட்டிமேல் கட்டியதைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

கொடிக்கம்பியில் ஏதோ குப்பை மாதிரித் தொங்குகிறது. ஒட்டடை என்று நினைத்து எடுக்கப்போனேன், உள்ளேயிருந்து குருவி பறந்தது. அது என்ன?

தேன்சிட்டுக் கூடு. நல்லவேளை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் துணி காயும் கம்பியிலேயே இரண்டு வருஷம் முன்பு கட்டியது. முதல் நாள் கம்பியில் கொஞ்சம் சிலந்தி நூலைச் சுற்றிவிட்டுப் போனது. இரண்டாம் நாள் அதில் காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம், எங்கிருந்தோ ஒரு பீடிக்காகிதம். எல்லாவற்றையும் ஒட்டும் பசை சிலந்தி வலைதான். கட்டுவது முழுக்கப் பெட்டைதான். ஊதாவும் மஞ்சளுமாகப் பளபளக்கிற ஆண் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் (கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி). ஒரு வாரத்தில் நீளப் பையாகி, பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே மழை விழாமல் ஒரு சின்னத் தாழ்வாரம். கடைசியில் எருக்கம்பஞ்சைக் கொண்டுவந்து உள்ளே மெத்தை போட்டது. பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு வாசலில் தலையை நுழைத்து, உடம்பால் உள்பக்கம் எல்லாம் அழுத்தும்போது கூடு மொத்தமும் வெளியே புடைத்துப் புடைத்து அடங்கும். அதைப் பார்த்துக்கொண்டே அம்மா அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டார்கள்.

முட்டை இரண்டுதான். பொரிய 14 முதல் 16 நாள், பொரித்த குஞ்சு பறக்க ஏறக்குறைய 17 நாள். கட்டுவதையும் சேர்த்தால் ஆறு வாரம் துணியை மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மாடி ஏற முடியாதவர்கள் கம்பியின் மறுகோடியில் சின்னத் துணிகளை மட்டும், கம்பி அதிகம் ஆடாமல் போட்டால் போதும், அது பழகிக்கொள்ளும். கூட்டைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

தையல்சிட்டு உண்மையிலேயே தைக்கிறதா?

தைக்கிறது. பெரிய இலை ஒன்றைச் சுருட்டி, அல்லது இரண்டை ஒட்டவைத்து, ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, சிலந்தி நூலோ நார்ப்பஞ்சோ கோத்து இழுக்கும். முடிச்சுப் போடத் தெரியாது, நூல் நுனியைப் பிரித்துவிட்டு ஆணிக்கொண்டை மாதிரி ஆக்கிவிடும், அதனால் வழுக்கி வராது. இலையின் பச்சைப் பக்கம் வெளியே இருக்கும்படி தைப்பதால் ஓரடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. எங்கள் நந்தியாவட்டையில் தினமும் பூப்பறிக்கிற சித்திக்கே குஞ்சு கத்திய பிறகுதான் தெரிந்தது. முட்டை பெரும்பாலும் மூன்று, 12 நாளில் பொரிந்துவிடும். சத்தம் மட்டும் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாத சத்தம். பத்து கிராம்கூடத் தேறாத குருவி நாலு வீடு கேட்கக் கத்தும்.

கூடு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேடாதீர்கள். புதரை விலக்கி விலக்கிப் பார்த்தால் கூடு கிடைக்கும், ஆனால் காக்கைக்கும் சேர்த்துக் கிடைக்கும். ஒரு நாற்காலியைப் போட்டு, கையில் காப்பியோடு ஒரே இடத்தில் அரை மணி உட்காருங்கள். வாயில் புல், நார் வைத்துக்கொண்டு போகிற பறவை கட்டிக்கொண்டிருக்கிறது. வாயில் புழுவோடு வந்து, நேராகப் போகாமல் இரண்டு மூன்று கிளை மாறி மாறி உட்கார்ந்து அக்கம்பக்கம் பார்த்தால் குஞ்சு பொரித்துவிட்டது. திரும்பிப் போகும்போது வாயில் வெள்ளையாக ஒரு உருண்டை இருக்கிறதா பாருங்கள். அது குஞ்சின் எச்சம், மெல்லிய சவ்வுப் பையில் வரும். தாய் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரமாகப் போட்டுவிடும். எங்கள் தெருவில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் குப்பையை அத்தனை தூரம் கொண்டுபோவதில்லை.

எவ்வளவு பக்கத்தில் போகலாம்? போட்டோ எடுக்கலாமா?

இதில் எனக்கு யோக்கியதை கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன். நாலு வருஷம் முன்பு எலுமிச்சையில் கொண்டைக்குருவி கட்டியிருந்தது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலடியில் சிவப்பு, சின்னான் என்றும் சொல்வார்கள். தேங்காய்ச் சிரட்டை மாதிரிக் கிண்ணம், மூன்று முட்டை, வெளிர் ரோஜா நிறத்தில் செம்புள்ளிகள். முள்ளுக்குள் இருந்ததால் போட்டோ சரியாக வரவில்லை. மறைத்துக்கொண்டிருந்த ஒரே ஒரு கிளையை, சுண்டுவிரல் கனம்தான் இருக்கும், கத்தரித்துவிட்டேன். படம் நன்றாக வந்தது. மறுநாள் மத்தியானம் காக்கை வந்து மூன்றையும் முடித்துவிட்டது. அந்தக் கிளைதான் அதன் கதவு என்று அப்போது புத்திக்கு எட்டவில்லை. இரண்டும் அன்று சாயங்காலம் வரைக்கும் கூட்டைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தன. படத்தை யாருக்கும் காட்டவில்லை.

ஆகவே: கிளையை வெட்டாதீர்கள், கட்டாதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். பறவை தீனியோடு காத்திருந்தும் கூட்டுக்குப் போகாமல் கிறீச்சிட்டால் நீங்கள் நிற்கும் இடம் ரொம்பப் பக்கம், அதுதான் அளவுகோல், அடிக்கணக்கு கிடையாது. வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பது எப்போதும் நல்லது. பறவைப் படப் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படத்தையே ஏற்றுக்கொள்வதில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் முட்டையைக் கெடுப்பதையும் கூட்டைக் குலைப்பதையும் வேட்டைக் கணக்கில்தான் வைக்கிறது.

குஞ்சு கீழே விழுந்து கிடக்கிறது. என்ன செய்வது?

அதிகமாக வருகிற போன் இதுதான், அதுவும் சித்திரையில் தினமும். முதலில் அதற்கு இறகு இருக்கிறதா பாருங்கள்.

இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போனால் அது விழவில்லை, கூட்டை விட்டு இறங்கியிருக்கிறது. கொண்டைக்குருவிக் குஞ்செல்லாம் சரியாகப் பறக்க வருவதற்கு முன்பே இறங்கிவிடும். தாயும் தகப்பனும் பக்கத்திலேயேதான் இருக்கும், நீங்கள் நிற்பதால் வராது. பூனை நடமாட்டம் இருந்தால் தூக்கிப் பக்கத்துப் புதரில் ஒரு கிளைமேல் வைத்துவிட்டு உள்ளே போங்கள். "வீட்டுக்குள் கொண்டுவந்து டப்பாவில் வைத்திருக்கிறோம், சோறு தின்னமாட்டேங்குது" என்றால், பெற்றவர்கள் வெளியே தேடிக்கொண்டிருக்கின்றன, கொண்டுபோய் விடுங்கள்.

கண் திறக்காமல், வெறும் தோலாக இருந்தால் கூட்டுக்குள் திருப்பி வைக்க வேண்டும். மனுஷக் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது நம் பாட்டிகள் குழந்தைகளை விரட்டச் சொன்னது, நிஜமில்லை. கூடே பிய்ந்து விழுந்திருந்தால் ஒரு கொட்டாங்கச்சியில் அடியில் ஓட்டை போட்டு, தேங்காய்நார் வைத்து, பழைய இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கட்டுங்கள். ஒரு மணி நேரம் தூர நின்று கவனியுங்கள். எங்கள் தெருவில் புயல் காற்றில் விழுந்த கூட்டுக்கு இப்படிச் செய்து இரண்டு குஞ்சும் பிழைத்தன.

பால் ஊற்றாதீர்கள், வாயில் தண்ணீர் சொட்டாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாவம் பார்த்துச் செய்கிற இந்த ஒரு காரியத்தில்தான் பாதிக் குஞ்சுகள் சாகின்றன என்று எனக்குத் தோன்றும். ஆந்தை, பருந்து மாதிரிப் பெரிய பறவை அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

செம்போத்தும் காக்கையும் முட்டை திருட வருகின்றன. விரட்டலாமா?

மனசு கேட்காது, தெரியும். நானும் கல்லெடுத்திருக்கிறேன். ஆனால் செம்போத்துக்கும் எங்கேயோ குஞ்சு இருக்கிறது, அதற்கும் இதே பங்குனிதான். விட்டுவிடுங்கள். பூனை விஷயம் வேறு, அது நாம் சோறு போட்டு வளர்ப்பது. குஞ்சுகள் இறங்குகிற இரண்டு வாரம் வீட்டுப் பூனையை விடியற்காலையிலும் சாயங்காலமும் உள்ளே அடைத்து வையுங்கள்.

குயில் பாடினால்தானே வசந்தம்? அது ஏன் கூடு கட்டுவதில்லை?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பறவை நூலார் "பாடும் பறவைகள்" என்று ஒரு வகை பிரித்திருக்கிறார்கள், குரல்பெட்டியின் தசை அமைப்பை எல்லாம் வைத்து. அந்தப் பாட்டுக்காரக் குடும்பத்தில் காக்கைக்கு இடம் உண்டு, குயிலுக்குக் கிடையாது! நாம் ஆயிரம் வருஷமாக ஆளை மாற்றிப் புகழ்ந்திருக்கிறோம்.

கூவுவது ஆண், அட்டைக்கரி, கண் சிவப்பு. கவிதையில் பெண்குரல் என்று வருவதெல்லாம் கவிதை. பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு "கிக் கிக் கிக்" என்று கத்திக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடும். முட்டை காக்கைக் கூட்டில். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுக்கு முன்பே பொரிந்துவிடும், அதனால் தீனியில் முதல் பங்கு அதற்கு. வேறு சில குயிலினங்களின் குஞ்சு மாதிரி மற்றதைத் தள்ளிவிடும் வழக்கம் இதற்கு இல்லை. ஆனி மாதம் புள்ளிபோட்ட ஒரு குண்டுக் குஞ்சு வாயைப் பிளந்து நிற்க, அதைவிட மெலிந்த காக்கை ஓடி ஓடி ஊட்டுவதைப் பார்த்தால் சிரிப்பதா, வேண்டாமா என்று தெரியாது.

தவிட்டுக்குருவிகள் ஏன் கூட்டமாக இப்படிக் கத்துகின்றன?

அவற்றின் பேச்சே அப்படித்தான், சந்தைக்கடை. ஏழெட்டு சேர்ந்த குடும்பம், ஒன்றின் குஞ்சுக்கு மற்றவையும் ஊட்டும். கூடு முழுக்க நீல முட்டை, அழகென்றால் அழகு. அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் அதே நீலத்தில் முட்டையிட்டு இவற்றின் தலையில் கட்டிவிடும். ஆனால் ஒரே இடத்தைப் பார்த்து, கீழே தலையை நீட்டி, கொண்டைக்குருவியும் அணிலும் சேர்ந்துகொண்டு கத்தினால் அங்கே பாம்போ பூனையோ இருக்கிறது. கிணற்றடிக்குப் போகுமுன் ஒரு நிமிஷம் அதைக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு தடவை சாரையைக் காட்டிக் கொடுத்திருக்கின்றன.

ஒரு குருவி தினமும் பைக் கண்ணாடியைக் கொத்துகிறது. ஏன்?

கண்ணாடியில் தெரிவது தன் இடத்துக்குப் போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைக்கிறது. தேன்சிட்டு, வண்ணாத்திக்குருவி, கொண்டைக்குருவி மூன்றுக்கும் இந்த வியாதி உண்டு. அடைகாக்க, ஊட்ட வேண்டிய நேரமெல்லாம் சண்டையில் போகும். கண்ணாடிமேல் ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள், எதிரி ஒழிந்தான்.

ஓணான் தலை சிவப்பாக மாறுகிறதே, ரத்தம் உறிஞ்சுகிறதா?

இல்லவே இல்லை. ஆண் ஓணானுக்கு இணை சேரும் பருவத்தில் தலையும் தொண்டையும் அப்படிச் சிவக்கும். தண்டால் எடுப்பதும் பெட்டைக்காகவும் மற்ற ஆணை மிரட்டவும்தான். பெட்டை மண்ணில் குழி தோண்டிப் பத்திருபது முட்டை இட்டு, மூடி, தலையாலேயே தட்டிச் சமன்செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். நான் சின்ன வயதில் சுருக்குப் போட்டுப் பிடித்தவன். இப்போது பையன்கள் கல்லெடுத்தால் நானே சத்தம் போடுகிறேன்.

அணில்?

கொடியில் காய்ந்த துண்டில் நூல் போயிருந்தால், மிதியடியில் நார் போயிருந்தால், மேலே எங்கேயோ குட்டி இருக்கிறது. விடுங்கள்.

தீனி, தண்ணீர் வைக்கலாமா?

தண்ணீர் கட்டாயம். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத மண் தட்டு, நடுவில் ஒரு கல், நிழலில், பூனை பதுங்க இடமில்லாத திறந்த இடத்தில். தினமும் கொட்டிக் கழுவி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்ப்பீர்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் தட்டில் வரிசை நிற்கும்.

தீனியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சோறு வைத்தால் காக்கையும் மைனாவும் வரும், அதன் பின்னால் முட்டைக்கு ஆபத்தும் வரும். குஞ்சுக்கு வேண்டியது புழு பூச்சி. தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். ஆகவே கம்பு வாங்கிப் போடுவதைவிட இந்த மூன்று மாதம் செடிக்கு மருந்தடிக்காமல் இருப்பது பெரிய உபகாரம். எலுமிச்சையில் இலையைத் தின்கிற புழுவைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். பொறுங்கள், தையல்சிட்டு பார்த்துக்கொள்ளும். ஒட்டடையையும் கொஞ்சம் விட்டுவையுங்கள், அது தேன்சிட்டுக்கு சிமென்ட். கறிவேப்பிலைப் பழத்தைப் பறிக்காமல் விட்டால் கொண்டைக்குருவி தின்று விதையைக் கொல்லை முழுக்கப் போடும். எங்கள் வீட்டில் யாரும் நடாமல் முளைத்த கன்றுகள் அப்படி வந்தவைதான்.

கூட்டுப்பெட்டி வைத்தால் வருமா?

பொந்தில் கட்டுகிறவை மட்டும் வரும்: சிட்டுக்குருவி, வண்ணாத்திக்குருவி, மைனா. தேன்சிட்டுக்குப் பெட்டி வைத்துவிட்டு வரவில்லை என்று வருத்தப்படக்கூடாது. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் வாசல் போதும், பெரிதாக வைத்தால் மைனா பிடித்துக்கொள்ளும். எட்டுப் பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில். சங்க காலத்திலேயே அதற்கு மனையுறை குருவி என்று பெயர், ஓட்டு வீட்டு இறவாரத்தில் கூடவே குடியிருந்தது. கான்கிரீட் வீட்டில் நுழைய இடம் இல்லை, அதுதான் பெட்டி.

அப்புறம், முருங்கையில் பட்டுப்போன கிளை இருந்தால் உடனே வெட்டாதீர்கள். செம்மார்புக் குக்குறுவான், "டொக் டொக்" என்று செம்பு, பித்தளைப் பாத்திரம் செய்கிற கன்னார் தட்டுகிற மாதிரிக் கத்துமே, அது பட்ட கிளையின் அடிப்பக்கம்தான் ஓட்டை போடும்.

பைனாகுலர் வாங்கவேண்டுமா? பெயர் எப்படித் தெரிந்துகொள்வது?

கொல்லைக்கு அவசியமில்லை. வாங்கினால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்), அதைவிடப் பெரிதாக்கினால் கை நடுக்கம்தான் தெரியும். குரலை வைத்துப் பெயர் சொல்ல மெர்லின் என்ற இலவச ஆப் இருக்கிறது, பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனால் போனில் அந்தக் குரலைத் திருப்பிப் போட்டுப் பறவையை அழைக்காதீர்கள், கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்து நிற்கும். பார்த்ததைத் தேதியோடு ஒரு பழைய காலண்டரில் குறித்து வைத்தாலே இரண்டு வருஷத்தில் உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் ஜோசியர்.

எல்லாம் பறந்துவிட்டன. காலிக் கூட்டை எடுத்துவிடலாமா?

தேன்சிட்டு சில சமயம் அதே கூட்டுக்குத் திரும்பி வரும், அதனால் அதை மட்டும் தொடாதீர்கள். மற்றவற்றை மழை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம், குழந்தைகளுக்குப் பிரித்துக் காட்ட நன்றாக இருக்கும். எங்கள் கொடிக்கம்பிக் கூடு இரண்டாவது வருஷம் வாசல் மட்டும் புதுப்பித்து மறுபடி குடிவந்தது. இந்த வருஷம் இன்னும் வரவில்லை, துணி இப்போதும் மாடியில்தான் காய்கிறது.